அப்டேட்டுக்குப் பிறகு லோகோவிலேயே நிற்கும் மீடியா பிளேயர்: எழுப்ப வழி உண்டா?

திரைமீன்:

வணக்கம் நண்பர்களே. டிவியோடு மாட்டியிருக்கும் ஆண்ட்ராய்டு மீடியா பிளேயர் ஒன்று அப்டேட் ஆன பிறகு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஆம்லாஜிக் எஸ்905எக்ஸ் சிப், 2 ஜிபி ராம், 16 ஜிபி உள்சேமிப்பு. சில வருடங்களாக ஒரு தொல்லையும் கொடுக்காமல் ஓடிய பெட்டி. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று திரையில் அறிவிப்பு வந்தது, சரி கொடுத்தேன், இறங்கியது, பட்டை கடைசிவரை ஓடியது, தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. நடுவில் கரண்ட் போகவில்லை, யாரும் ஒயரைப் பிடுங்கவும் இல்லை. இப்போது கம்பெனி லோகோ வருகிறது, அரை நிமிடம் போல அசையாமல் நிற்கிறது, திரை கறுத்துப் போகிறது, மறுபடி அதே லோகோ. விட்டால் நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருக்கும்.

ரிமோட்டில் எதை அழுத்தினாலும் அசைவில்லை. பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்க் எப்போதும் மாட்டியிருக்கும், அப்டேட்டின்போதும் இருந்தது. கம்பெனிக்கு எழுதினேன், வாரண்டி முடிந்துவிட்டது, புது மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அப்டேட்டை அனுப்பியது அவர்கள், அதனால் கெட்டதற்கு வாரண்டி இல்லை என்பதும் அவர்களே.

தெரியவேண்டியது இவைதான். இது மென்பொருள் பிரச்சினையா, இல்லை உள்ளே ஏதாவது பாகம் போய்விட்டதா? பழைய பதிப்புக்கே திரும்ப முடியுமா? இணையத்தில் தேடியதில் இதே மாடல் பெயரில் ஒரு ஃபர்ம்வேர் கோப்பு கிடைத்திருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாமா?


அரைகுறை:

இதெல்லாம் சாதாரணம் ப்ரோ. ஃபேக்டரி ரீசெட் அடியுங்கள், சரியாகவில்லை என்றால் கையில் இருக்கும் அந்தக் கோப்பையே போட்டுவிடுங்கள். ஏற்கெனவே செத்த பெட்டிதானே, இதற்கு மேல் என்ன ஆகிவிடப்போகிறது.


செப்புக்கம்பி:

இதற்கு மேலும் ஆகும் நண்பரே, நிறையவே ஆகும். திரைமீன், அந்தக் கோப்பைத் தயவுசெய்து தொடாதீர்கள். இந்த வகைப் பெட்டிகளில் மாடல் பெயர் ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கும் போர்டு மட்டும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் மாறிக்கொண்டே இருக்கும். வைஃபை சிப் வேறு, ராம் சிப் வேறு. வைஃபை மாறினால் வைஃபை மட்டும்தான் போகும். ராம் மாறினால் கதையே வேறு: ராமை எழுப்பும் அமைப்புகள் பூட்லோடருக்குள்தான், அதாவது பெட்டியை எழுப்பும் ஆரம்ப நிரலுக்குள்தான் இருக்கின்றன, பொருந்தாத பூட்லோடர் ஏறிவிட்டால் இப்போது வரும் லோகோகூட வராது. பெட்டியைத் திறந்து சர்க்யூட் போர்டின் மேல் வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள், எந்தக் கோப்பைத் தேடினாலும் அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கரண்ட் கொடுத்ததும் முதலில் ஓடுவது சிப்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பதித்த ஒரு சின்ன நிரல், அதை எந்த அப்டேட்டாலும் அழிக்க முடியாது. அது உள்சேமிப்பிலிருந்து பூட்லோடரை எடுக்கும், பூட்லோடர் ராமை எழுப்பும், திரையில் அசையாத லோகோவைப் போடும், பிறகு இயங்குதளத்தின் மையமான கர்னலை ஏற்றும், கர்னல் எழுந்து ஆண்ட்ராய்டைக் கூப்பிடும். அசையும் லோகோ, அதாவது அந்த அனிமேஷன், ஆண்ட்ராய்டு எழ ஆரம்பித்த பிறகுதான் வரும். உங்களுக்கு அசையாத லோகோ வருகிறது, அனிமேஷன் வரவில்லை. அப்படியென்றால் சிப் சரி, ராம் சரி, பூட்லோடர் சரி. கர்னலோ அதற்கு அடுத்த படியோ தடுக்கி விழுகிறது, விழுந்ததும் பெட்டி தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்கிறது. பாதிக்கு மேல் உயிரோடு இருக்கிற பெட்டி இது, செத்தது என்று யாரும் சொல்லவேண்டாம்.

பட்டை முழுவதும் ஓடி முடிந்ததே என்று நினைக்காதீர்கள். எழுதச் சொன்னதை எழுதி முடித்தேன் என்பதுதான் அந்தப் பட்டையின் அர்த்தம், எழுதியது திரும்பச் சரியாகப் படிக்கக் கிடைக்கிறதா என்பதற்கு அது சாட்சி இல்லை.

எதையும் எழுதுவதற்கு முன்னால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். சிரிக்காதீர்கள், அப்டேட் கெடுத்தது என்று வரும் பெட்டிகளில் அடாப்டர் தளர்ந்துபோன பெட்டிகளும் உண்டு. 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வயதானதும் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் 5 காட்டும், சுமை ஏறியதும் சரிந்துவிடும். எழும் நேரத்தில் சிப் முழுவேகத்தில் ஓடும், கூடவே ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பித்தால் அந்த இழுப்பும் இதே அடாப்டரின் தலையில். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டி என்றால், அடாப்டரின் பலவீனம் அப்டேட்டுக்கான ரீஸ்டார்ட்டில்தான் முதன்முதலாக வெளியே தெரியும். அதனால் ஹார்ட் டிஸ்க் உட்பட எல்லாவற்றையும் கழற்றுங்கள், எச்டிஎம்ஐ மட்டும் இருக்கட்டும், அதே வோல்ட், அதே முனை, அதே துருவம் உள்ள வேறு நல்ல அடாப்டர் போடுங்கள். ஆம்பியர் கூட இருக்கலாம், வோல்ட் கூடக்கூடாது.

அதுவும் இல்லை என்றால் ரிக்கவரிக்குள், அதாவது பழுது பார்க்கவென்று தனியாக இருக்கும் திரைக்குள் நுழையப் பாருங்கள். பல பெட்டிகளில் ஏவி என்று எழுதிய வட்டத் துளைக்குள் ஆழத்தில் ஒரு பொத்தான் ஒளிந்திருக்கும், பல் குத்தும் குச்சியை உள்ளே விட்டால் டிக் என்று விரலுக்குத் தெரியும். உலோக ஊசி வேண்டாம். அதை அழுத்திப் பிடித்தபடியே கரண்ட் கொடுத்து, லோகோ வந்தும் சற்றுநேரம் விடாமல் பிடியுங்கள். ரிக்கவரியில் ரிமோட் வேலை செய்யாமல் போகலாம், ஒயர் உள்ள யூஎஸ்பி கீபோர்டு ஒன்று கையில் இருக்கட்டும். முதலில் கேஷ் மட்டும் துடையுங்கள், பிறகு டேட்டா. என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.


திரைமீன்:

மிக்க நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. போர்டு எண்ணைக் குறித்துக்கொண்டேன், பெட்டியின் அடியில் இருக்கும் மாடல் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேறு அடாப்டர் போட்டும் அதே சுழற்சிதான். ஏவி துளைக்குள் பொத்தான் இருந்தது, ரிக்கவரி வந்தது, ரிமோட் வேலை செய்யவில்லை, கீபோர்டில் நகர்த்த முடிந்தது. கேஷ் துடைத்தேன், டேட்டாவும் துடைத்தேன், முடிந்தது என்று சொன்னது. ஆனால் ரீஸ்டார்ட் ஆனதும் பழைய கதைதான்.

ஒரு சந்தேகம். ஃபேக்டரி ரீசெட் என்றால் வாங்கிய நாளில் இருந்த பதிப்புக்குத் திரும்பவேண்டாமா?


பொறுமைசாலி:

குறுக்கே வருகிறேன். திரும்பாது. நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், பெயர் அப்படி வைத்திருக்கிறார்கள். உள்சேமிப்பு பல பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு இருப்பது சிஸ்டம் பகுதியில், உங்கள் செயலிகளும் கணக்குகளும் இருப்பது டேட்டா பகுதியில். ரீசெட் டேட்டாவை மட்டும்தான் துடைக்கும். அப்டேட் எழுதியது சிஸ்டம் பகுதியின் மேல், பழையதை அழித்துவிட்டு. ரீசெட் திரும்பக் கொண்டுவர அங்கே பழையது என்று ஒன்று மிச்சமில்லை. 2016இல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது இரட்டைப் பகுதி முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதில் புதியது ஒரு பகுதியில் ஏறும், எழவில்லை என்றால் பழைய பகுதிக்கே பெட்டி திரும்பிவிடும். ஆனால் அதைப் பயன்படுத்துவது தயாரிப்பாளர் விருப்பம், உங்கள் பெட்டியில் அது இருந்திருந்தால் நீங்கள் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

டேட்டா துடைத்தும் எழவில்லை என்பதால் சிக்கல் சிஸ்டம் பகுதியிலோ கர்னலிலோ இருக்கிறது. அடுத்த கேள்வி, எழுதியது தவறா, எழுதப்பட்ட சிப்பே தேய்ந்துவிட்டதா. இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் இஎம்எம்சி, அதாவது உள்சேமிப்புச் சிப், தேய்ந்திருந்தால் சரியான ஃபர்ம்வேரைப் போட்டாலும் கொஞ்ச நாளில் இதே இடத்துக்கு வருவீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ள உள்சேமிப்பை விட்டுவிட்டு மெமரி கார்டிலிருந்தே பெட்டியை எழுப்புங்கள். ஆம்லாஜிக் சிப்புகளுக்கென்றே கோர்எலெக் என்று ஒரு லினக்ஸ் இருக்கிறது, கோடி பிளேயர் அதிலேயே வரும். புதிய பதிப்புகள் எஸ்905எக்ஸ் போன்ற பழைய சிப்புகளை விட்டுவிட்டன, அதனால் உங்கள் சிப்புக்கான பழைய பதிப்பைத்தான் தேடவேண்டும். கார்டில் எழுதிய பிறகு டிவைஸ் ட்ரீ என்ற ஃபோல்டரில் உங்கள் பெட்டிக்கான கோப்பை (போர்டில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று கர்னலுக்குச் சொல்வது) தேர்ந்தெடுத்து வெளியே நகலெடுத்து, டிடிபி.ஐஎம்ஜி என்று பெயர் மாற்றவேண்டும். எஸ்905எக்ஸ், 2 ஜிபி என்றால் ஜிஎக்ஸ்எல்_பி212_2ஜி என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கார்டைப் போட்டு, அதே பல்குத்தி வித்தையோடு கரண்ட் கொடுங்கள். பூட்லோடர் பூட்டப்பட்ட, சான்று பெற்ற பெட்டிகள் சில இதற்கு ஒத்துக்கொள்ளாது, ஆனால் முயன்று பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. உள்ளே நடப்பது ஒரே மாற்றம்தான்: முதலில் கார்டைப் பார் என்று பூட்லோடரின் குறிப்புகளில் எழுதிக்கொள்ளும்.

எழுந்துவிட்டால் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் மூலம் கட்டளை கொடுக்கும் முறையில், உள்ளே போங்கள். கர்னல் பதிவில் எம்எம்சி என்று தேடுங்கள். கழித்தல் 110 என்று பிழை வரிசையாக வந்தால் சிப் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம், கழித்தல் 84 என்றால் வந்த தரவு சிதைந்து வந்திருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் நல்ல சகுனம். இஎம்எம்சி 5.0 முதல் சிப்பே தன் தேய்மானத்தைச் சொல்லும், சிப்பின் பதிவேட்டில் லைஃப் டைம் எஸ்டிமேஷன் என்ற இடத்தைப் பாருங்கள். 01 என்றால் ஆயுளில் 10 சதவீதம் வரை செலவாகியிருக்கிறது, 02 என்றால் 10 முதல் 20, இப்படியே ஏறும். பதினாறடிமான எண், அதனால் 9க்குப் பிறகு எழுத்து வரும்.

உள்ளே போனதும் இன்னொன்றையும் செய்துவிடுங்கள், மறக்காமல்: உள்சேமிப்பு முழுவதையும் டிடி கட்டளையால் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கெட்டுப்போன சிஸ்டத்தை எதற்கு எடுக்கவேண்டும் என்று கேட்காதீர்கள். அதே சேமிப்பில்தான் உங்கள் பெட்டிக்கு மட்டுமே உரிய சாவிகள், மேக் முகவரி, வரிசை எண் எல்லாம் இருக்கின்றன, அவை எந்த இணையதளத்திலும் கிடைக்காது. பூட்0, பூட்1 என்ற இரண்டு சின்னப் பகுதிகள் தனியாக இருக்கும், அவற்றையும் தனியாக எடுக்கவேண்டும். ஃபேட்32 பென்டிரைவில் எடுக்கப் பார்த்தால் 4 ஜிபியில் நின்றுவிடும், கோப்பின் உச்ச அளவே அதுதான்.


நிழல்வாசி:

கார்டிலேயே கோடி எழுந்துவிட்டால் அதோடு விட்டுவிடலாமே? ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் படம் பார்க்க ஆண்ட்ராய்டு எதற்கு? என்னுடைய பெட்டி நீண்ட நாளாகக் கார்டிலேயேதான் ஓடுகிறது, ஆண்ட்ராய்டைவிட வேகமாக, விளம்பரமும் இல்லாமல்.


பொறுமைசாலி:

சொந்தக் கோப்புகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். கட்டணச் சேவைகளின் செயலிகள் வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு வேண்டும். திரைமீன்தான் முடிவு செய்யவேண்டும்.


திரைமீன்:

கார்டில் எழுந்துவிட்டது! திரையில் கோடி வந்ததைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் பிரச்சினை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் எங்களுக்குக் கட்டணச் செயலிகள் வேண்டும், அதனால் மேலே போகவேண்டியிருக்கிறது. கர்னல் பதிவில் 110, 84 எதுவும் இல்லை. தேய்மானம் 02 காட்டுகிறது. நகல் எடுத்துவிட்டேன், பூட்0 பூட்1 உட்பட. சிஸ்டம் பகுதியை மவுண்ட் செய்யப் பார்த்தால் முடியவில்லை, கோப்பு முறைமைப் பிழை என்று வருகிறது. ஆக, எழுதியதுதான் தவறு.

கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். பெட்டி வேலை செய்யவில்லை என்று சொல்லாமல், இந்த போர்டு எண்ணுக்கான யூஎஸ்பி பர்னிங் டூல் (கணினியிலிருந்து பெட்டிக்கு ஃபர்ம்வேர் எழுதும் மென்பொருள்) இமேஜ் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். வேறு யாரோ பதில் சொன்னார்கள், இறக்கிக்கொள்ள இணைப்பும் சரிபார்ப்பு எண்ணும் அனுப்பினார்கள். இறக்கியதும் எண் பொருந்துகிறதா என்று பார்த்தேன், பொருந்துகிறது. விண்டோஸ் கணினி இருக்கிறது. மென்பொருளைத் திறந்தால் டிக் அடிக்க ஏகப்பட்ட கட்டங்கள். எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது?


செப்புக்கம்பி:

கேட்ட விதம் பிரமாதம். முன்வரிசையில் பதில் எழுதுபவரிடம் வாங்கிய தேதிதான் எடுபடும், போர்டு எண்ணைச் சொன்னால் கடிதம் தொழில்நுட்ப ஆளுக்குப் போய்விடும்.

கட்டங்களுக்கு வருவோம். எரேஸ் ஃபிளாஷ் என்பதில் நார்மல் எரேஸ் மட்டும் வையுங்கள், எரேஸ் ஆல் வேண்டாம். ஓவர்ரைட் கீ என்ற கட்டம் இருந்தால் அதில் டிக் இருக்கவே கூடாது. பொறுமைசாலி சொன்ன சாவிகள் இங்கேதான் போகும். வைட்வைன் என்ற நகல் பாதுகாப்பு முறையின் சாவி போய்விட்டால் பெட்டி உயர்ந்த நிலையான எல்1இலிருந்து தாழ்ந்த நிலையான எல்3க்கு இறங்கிவிடும், படம் ஓடும், ஆனால் பெரும்பாலான கட்டணச் சேவைகள் எச்டி தராது. எல்லாம் வேலை செய்கிறது, படம் மட்டும் மங்கலாக இருக்கிறது என்று பிறகு வந்து கேட்பவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் டிக் வைத்தவர்கள்தான். எரேஸ் பூட்லோடர் என்பதை உங்கள் நிலையில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து, உங்கள் பூட்லோடர் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு முனையும் தட்டையாக, ஆண் முனையாக இருக்கும் யூஎஸ்பி கேபிள் வேண்டும். பெட்டியின் எல்லா யூஎஸ்பி துளையும் இதற்கு ஆகாது, ஒன்றுதான் ஆகும், கணினி எதில் மாட்டும்போது புதிய கருவி என்று சொல்கிறதோ அதுதான். மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். முதலில் மென்பொருளில் இமேஜை ஏற்றி ஸ்டார்ட் கொடுத்து வையுங்கள், பிறகு பொத்தானை அழுத்தியபடி கேபிளை மாட்டுங்கள், கணினி கண்டுகொண்ட பிறகு அடாப்டர். லேப்டாப் என்றால் சார்ஜர் இருக்கட்டும், தூங்கப்போகும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். ஆரம்பத்திலேயே பிழை வந்தால் இமேஜைத் திட்டுவதற்கு முன் கேபிளையும் கணினியின் யூஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள், 3.0 நீலத் துளையைவிடப் பழைய 2.0 துளை பலமுறை கைகொடுக்கும். 100 சதவீதம் என்று வந்ததும் உடனே பிடுங்காதீர்கள், ஸ்டாப் கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். முதல்முறை எழும்போது அனிமேஷன் வெகுநேரம் ஓடும், பதறவேண்டாம்.


திரைமீன்:

வந்துவிட்டது. முதல் துளையில் கணினி கண்டுகொள்ளவில்லை, அடுத்ததில் கண்டுகொண்டது, ஒரே மூச்சில் ஏறி முடிந்தது. அனிமேஷன் உண்மையிலேயே வெகுநேரம் ஓடியது. வைட்வைன் எல்1 என்றே காட்டுகிறது, எச்டியும் வருகிறது. ரிமோட், வைஃபை எல்லாம் சரி. தானாக அப்டேட் ஆகும் அமைப்பை நிறுத்திவிட்டேன்.


கைவிளக்கு:

இந்த உரையாடலைப் படித்துவிட்டு நானும் கேட்கிறேன், ஐயா. என் பெட்டியும் அப்டேட்டில் போனதுதான், ஆனால் எனக்கு லோகோவே இல்லை. முன்னால் விளக்கு மங்கலாக எரிகிறது, டிவியில் சிக்னல் இல்லை என்று வருகிறது. பொத்தானை அழுத்திப் பார்த்தேன், பயனில்லை. சிப் ஆம்லாஜிக்தான்.


செப்புக்கம்பி:

உங்களுடையது வேறு வகை. பூட்லோடரே ஏறவில்லை போலிருக்கிறது, அதனால் பொத்தானை அழுத்துவதைக் கவனிக்க உள்ளே ஆளே இல்லை. ரிக்கவரி, டேட்டா துடைப்பது எதுவும் உதவாது. ஆனாலும் சிப்புக்குள் பதித்த நிரல் இருக்கிறது என்று மேலே சொன்னேனே, உள்சேமிப்பிலும் மெமரி கார்டிலும் பூட்லோடர் கிடைக்காவிட்டால் அது யூஎஸ்பி பக்கம் திரும்பிக் காத்திருக்கும். முதலில் பொத்தான் எதுவும் இல்லாமல் அந்த ஆண்-ஆண் கேபிளை மாட்டிப் பாருங்கள். விண்டோஸில் வேர்ல்ட்கப் டிவைஸ் என்றோ, லினக்ஸில் 1பி8இ:சி003 என்ற எண்ணோடு ஆம்லாஜிக் என்றோ வந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கிருந்து பர்னிங் டூல்தான், ஆனால் உங்களுக்குப் பூட்லோடரும் சேர்ந்து எழுதவேண்டும், எனவே போர்டு எண் பொருந்தாத இமேஜைக் கனவிலும் போடாதீர்கள்.

கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் பூட்லோடர் பாதி ஏறி நடுவில் தொங்குகிறது என்று அர்த்தமாகலாம். சில காணொளிகளில் நினைவகச் சிப்பின் இரண்டு கால்களை ஊசியால் தொட்டு இணைக்கச் சொல்வார்கள், அது பழைய நேண்ட் சிப்புகளுக்கு, கால்கள் வெளியே தெரியும். இஎம்எம்சியில் எல்லாம் சிப்புக்கு அடியில் இருக்கும், எந்தப் புள்ளி எது என்று வரைபடம் இல்லாமல் குத்தவேண்டாம்.

அதற்குப் பதிலாக சீரியல் பதிவைப் பாருங்கள், எழும்போது பெட்டி வரிவரியாக அனுப்பும் குறிப்புகள் அவை. போர்டில் வரிசையாக மூன்றோ நான்கோ துளைகள் இருக்கும். எச்டிஎம்ஐ துளையின் உலோக உறையோடு தொடர்பு காட்டுவது கிரவுண்ட், சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட் அருகில் நின்று கரண்ட் கொடுத்த நொடியில் துடிப்பது டிஎக்ஸ், தரவை அனுப்பும் முனை. 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் மாற்றி ஒன்று வாங்கி கிரவுண்டுக்கு கிரவுண்ட், பெட்டியின் டிஎக்ஸை மாற்றியின் ஆர்எக்ஸுக்கு (தரவை வாங்கும் முனை), இந்த இரண்டு ஒயர் போதும், படிக்கத்தானே போகிறோம். மின்சார ஒயரை இணைக்கவேண்டாம். பழைய கணினிகளின் 9 முனை சீரியல் துளையோடு நேராக இணைத்துவிடாதீர்கள், அதன் வோல்ட் சிப்பைக் கொன்றுவிடும். வேகம் 1,15,200. கரண்ட் கொடுத்ததும் எழுத்துகள் ஓடும், பிஎல்1, பிஎல்2 என்று பூட்லோடரின் கட்டங்கள் படிப்படியாகப் போகும். எந்த வரியில் நிற்கிறதோ அதற்கு மேலே இருக்கும் பத்துப் பதினைந்து வரிகளோடு இங்கே போடுங்கள், போர்டு எண்ணும் சேர்த்து. அதைப் பார்த்த பிறகு எந்த இமேஜ் என்று பேசலாம்.